நாலு முள், ஆறு முள்

கேபிளின் ஒரு முனையில் நாலு முள்,
மறு முனையில் ஆறு.
கேமராவுக்கு நாலு போதும்.
என் கணினிக்கு எதுவும் வேண்டாம்,
அதில் அந்தத் துளையே இல்லை.

மேல்மாடி ரைவிஸ் தன் பழைய பெட்டியைத்
தூக்கிவந்து சமையல் மேசையில் வைத்தான்.
"ஓடும்போது வேறு எதையும் தொடாதே, விஸ்மா,
மூச்சு வாங்கும்."
விசிறி உறுமுகிறது,
ஜனவரிக் காலையில் டிப்போவை விட்டுக் கிளம்ப மறுக்கும்
இரண்டாம் நம்பர் வண்டி மாதிரி.

செருகினேன்.
பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினேன்.
கருவி எதுவும் இணைக்கப்படவில்லை.
இருபத்தாறு வருடம் லியெபாயாவில் டிராம் ஓட்டியவளிடம்
இப்படியா சொல்வது?
மேலே கம்பி விட்டுப்போனால் விளக்கு அணையும்,
உள்ளே அத்தனை பேரும் ஒரே குரலில் "ஆ" என்பார்கள்.
இது ஒரு சத்தமும் போடாமல் இல்லை என்கிறது.

பிறகு படம் வந்தது.
நாடா அல்ல, என் சமையலறை.
யாரோ ஒருத்தி குனிந்து எதையோ தேடுகிறாள்,
பல்லிடுக்கில் கேபிள்.
நான் நிமிர்ந்து
ஒரு கணம் கழித்துத்தான் அவள் நிமிர்ந்தாள்.
விசையை இன்னும் 'பதிவு' பக்கமே விட்டிருக்கிறேன்.
'ஓட்டு' பக்கம் தள்ளினேன்.
அவள் போனாள். நீலத் திரை. அப்புறம் மழை.

2003 நவம்பர், இரவு பத்து நாற்பது வண்டி.
கேமராவைக் கண்ணாடிக்குப் பின்னால்
காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியால் கட்டியிருந்தேன்.
ஏன் என்று கேட்டால், புதுக் கேமரா.
வேறு காரணம் இல்லை.

டிப்போவின் ஆண்டுவிழாவுக்கு
மூன்று நிமிடம் போதும் என்கிறார்கள்.
மூன்று நிமிடத்துக்கு
ஒரு மணி நேரம் உட்கார வேண்டும்.
ஓடிய வேகத்தில்தான் ஏறும் இந்த நாடா,
விரட்டினால் ஏறாது.
சரி, தேநீர் போட்டுக்கொண்டு
என் வண்டியில் நானே பயணியாக உட்கார்ந்தேன்.
வைப்பர் வலது பக்கம் கொஞ்சம் நொண்டுகிறது.
மறந்தே போயிருந்தேன்.
பாலத்தில் ஒரு நாய். மீன்கடையின் பச்சை விளக்கு,
அந்தக் கடை இப்போது வங்கி.

முப்பத்தி நாலாவது நிமிடம் எனக்குத் தெரியும்.
நிறுத்தம் ஒன்று கேட்டது சர்க்கரை ஆலைக்கு எதிரே.
கூரைக்கு வெளியே ஒரு ஆள்.
கை மேலே போகிறது.
நான் நிறுத்தவில்லை.
நாலு நிமிடம் தாமதம், கால் விறைத்துவிட்டது, மழை,
இதில் எதை அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன்,
நினைவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

படத்தைத்தான் இத்தனை வருடம் சுமந்தேன்.
கேமராவுக்குக் காதும் உண்டு என்பதை யோசிக்கவில்லை.
பெட்டியின் சின்ன ஸ்பீக்கரில்
என் குரல், இளசாக, சாவகாசமாக:
"அடுத்ததில் ஏறிக்கொள்ளப்பா."

அடுத்தது காலை ஐந்து மணிக்கு.

நிறுத்து என்ற பொத்தான் சுட்டிக்கு அடியில்தான் இருந்தது.
தொடாதே என்றிருந்தான் ரைவிஸ்.
தொடவில்லை.
கடற்கரை முனையில் வண்டி வளைந்து திரும்பியது,
காலி இருக்கைகளின் பிம்பம் கண்ணாடியில் ஊசலாடியது,
திரும்பும் வழியில் அந்த நிறுத்தம் மறுபக்கம்,
இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

முடிந்தது. பதின்மூன்று ஃபிரேம்கள் தவறின என்றது.
எங்கே என்று சொல்லவில்லை.
பின்னுக்குப் போய் ஒவ்வொன்றாக நகர்த்தினேன்,
ஒரு நொடிக்கு இருபத்தைந்து படம்.
கை எழுகிறது. எழுகிறது.
தொப்பியைப் பிடிக்கிறது.
காற்றாக இருக்கலாம்.
முதலில் எனக்கும் பிறகு தொப்பிக்குமாகவும் இருக்கலாம்,
ஒரே கை.

டிப்போவுக்குப் பாலத்து நாயை அனுப்பினேன்.
"அழகு. ஆனால் சத்தம் வரவில்லையே?" என்று
போனில் கேட்டாள் ஸெல்மா.
நாடா பழசு என்றேன்.

ரைவிஸ் பெட்டிக்காக ஞாயிறு வருகிறான்.
அதற்குள் இன்னொரு முறை முழுசாக ஏற்றிப் பார்க்கலாம்.
அந்தப் பதின்மூன்று
இந்தத் தடவை வேறெங்காவது விழக்கூடும்.